பதினோராவது பெட்டி

ஓரின் ஸ்கார் தோட்டா கட்டுகிற நாளில் அவர் வீட்டுச் சமையலறைக் கதவில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். தொங்கவிடுவது அவர் மனைவி டெல்ஃபா. துண்டு தெரிந்தால் பேஜர் ஓடை ஜனங்கள் யாரும் அந்தக் கதவைத் தட்ட மாட்டார்கள். டெல்ஃபா ரேடியோவை அணைப்பாள், டெலிபோன் வயரைப் பிடுங்கி வைப்பாள், நாயைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவாள். நானும் தபால் வண்டியின் ஹாரனை அடிக்காமல், ரோட்டோரப் பெட்டியில் கடிதத்தைத் திணித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். முப்பத்தொரு வருஷம் இந்த ரோட்டில் தபால் போட்டவள் நான். வாயை மூடிக்கொண்டு நான் கடந்து போன வீடு அது ஒன்றுதான், அதுவும் துண்டு தொங்கிய நாட்களில் மட்டும்தான்.

மொன்டானாவில் எங்கள் பக்கம் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. கடையில் வாங்காமல் தோட்டாவைத் தானே கட்டிக்கொள்கிறவர்களும் ஓடைக்கு இந்தப் பக்கம் மட்டும் நாலைந்து பேர் உண்டு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, துடைத்து, அடியில் தீப்பொறி தருகிற புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்தை அளந்து போட்டு, வாயில் குண்டை அழுத்தி உட்கார வைத்தால் மறுபடியும் தோட்டா. கேட்பதற்கு ரொட்டி சுடுகிற வேலை மாதிரி இருக்கும். ரொட்டி கருகினால் நாய்க்குப் போடலாம். தோட்டா தப்பினால் துப்பாக்கியே கையில் வெடிக்கும், அதன் பின்பக்கம் கன்னத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

ஓரின் இந்த வேலையை நிலவறையில் செய்வார். அந்த மேசையைப் போலச் சுத்தமான மேசையை நான் எந்தச் சமையலறையிலும் பார்த்ததில்லை. மருந்து டப்பாக்களெல்லாம் பக்கத்து அறையில் ஒரு மர அலமாரியில் இருக்கும். ஏன் இரும்புப் பெட்டியில் வைக்கவில்லை என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். நெருப்புப் பிடித்தால் மரம் எரியும், இரும்பு அடைத்து வைத்து வெடிக்கும் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அந்த அலமாரியிலிருந்து ஒரு சமயத்தில் ஒரே ஒரு டப்பாதான் மேசைக்கு வரும். அது திரும்பிப் போன பிறகுதான் அடுத்தது. கண்ணாடி போடாமல் உட்கார மாட்டார். சிகரெட்டை அந்த மேசைக்காகவே முப்பது வயதில் விட்டவர். ஐம்பது கூடுகளை மரச்சட்டத்தில் வரிசையாக நிறுத்தி, மருந்து போட்ட பிறகு ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பார். பத்துக்கு ஒன்றைத் தராசில் போட்டு நிறுப்பார். கோபமாக இருந்தாலோ மனசு சரியில்லாமல் இருந்தாலோ படியிறங்க மாட்டார். எல்லாம் முடிந்ததும், டப்பாவின் பக்கத்தில் ஒட்டிய தாளில் மருந்து எதுவரை இறங்கியிருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார்.

ஒரு வருஷம் ஊர்க் கூடத்தில் வேட்டைப் பருவத்துக்கு முன்னால் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். நானும் போயிருந்தேன், காப்பிக்காக. அன்றைக்கு அவர் மூன்று தடவை சொன்னது ஒன்றுதான்: அடுத்தவன் கட்டின தோட்டாவை உன் துப்பாக்கியில் போடாதே, அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சரி. எல்லாரும் தலையாட்டினோம். லோவெல் பிரெக்கேயும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியதை நான் பார்த்தேன்.

லோவெல் இரண்டு மைல் மேலே, ரோடு முடிகிற இடத்தில் இருப்பவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓரினும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எழுபது வயது தாண்டியும் ஒருத்தரை ஒருத்தர் டேய் போட்டுத்தான் பேசுவார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு குதிரை ஓரினின் முழங்காலை உதைத்து நொறுக்கியது. அதோடு அவர் மலையேறுவது நின்றுபோனது. அந்த இலையுதிர் காலத்தில் என்ன தோன்றியதோ, லோவெலின் துப்பாக்கிக்கென்று அளவெடுத்து இருபது தோட்டா கட்டி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, சிவப்பு டேப் ஒட்டி, டெல்ஃபா சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டி ஒரு கட்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். தான் சொன்ன பாடத்தைத் தானே மீறுகிறோம் என்று அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. தன்னை அவர் அடுத்தவன் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. அந்தப் பருவத்தில் லோவெல் ஒரு எல்க் மானை அடித்துக் கொண்டுவந்து, பின்னங்கால் ஒன்றை ஓரின் வீட்டில் இறக்கினார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இவர் பெட்டி கொடுப்பார், அவர் இறைச்சி கொடுப்பார். டெல்ஃபா அதைத் துண்டு போட்டுக் கண்ணாடிக் குப்பிகளில் அவித்து அடைப்பாள். சாப்பாட்டு மேசையில் ஓரின், "இது நம்ம தோட்டாவுக்கு விழுந்தது"ன்னு சொல்லாமல் முதல் வாய் வைக்க மாட்டார் என்று டெல்ஃபா எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஓரினுக்குக் குறை. சுட்ட பித்தளைக் கூடுகளை லோவெல் ஒரு வருஷம்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. பனியில் விழுந்துவிட்டது என்பார், மீதியைக் கோடையில் குறி பழகும்போது புல்லில் தொலைத்துவிட்டேன் என்பார். தபால் பெட்டியருகே நின்று ஓரின் என்னிடம் புலம்புவார்: கீழே விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு வரத் தெரியாதவனுக்கு வேட்டை ஒரு கேடா என்று. நானும் போய் லோவெலிடம் வத்தி வைப்பேன். அவர் சிரித்துக்கொண்டே தொப்பியைச் சரி செய்துகொள்வார்.

டெல்ஃபாவுக்கு மறதி வந்தது இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால். முதலில் காப்பியில் உப்புப் போட்டாள். அடுப்பை எரியவிட்டுப் படுத்தாள். ஒரு நாள் சிவப்புத் துண்டை மாட்டுக் கொட்டகைக் கதவில் தொங்கவிட்டு, ஓரின் உள்ளே தோட்டா கட்டுகிறார், சத்தம் போடாதே என்று என்னை அதட்டினாள். ஓரின் அப்போது என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மார்ச் மாதம் அவளை ஐம்பது மைல் தள்ளி டன்மோர் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அவள் தெளிவாக இருக்கிற நேரம் பார்த்து அங்கிருக்கிற நர்ஸ் போன் போட்டுத் தருவாள். அந்த நேரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஓரின் ஒரு நீள வயர் வாங்கி டெலிபோனை நிலவறை மேசைக்கே கொண்டுபோய்விட்டார். எனக்கு அது தெரியும். அந்த மேசையில் போன் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஊரெல்லாம் வம்பளக்கிற வாய் அதைச் சொல்லவில்லை.

அந்த வருஷம் வேட்டைப் பருவம் திறந்தது ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் இறங்கிய பனி ரோட்டில் சேறும் சகதியுமாகக் கிடந்தது. காலை ஒன்பது மணிக்கு நான் ஓரினின் தபால் பெட்டிக்கு வந்தபோது அவர் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். தலையில் தொப்பி இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. இரண்டு கையிலும் இரண்டு மருந்து டப்பா. ஒரு சமயத்தில் ஒரு டப்பாதான் என்கிற மனிதர். கண்ணாடியை இறக்கினேன்.

"ட்வைலா, லோவெல் வீட்டுக்குப் போயிட்டு வந்தியா?"

"இல்ல, இனிமேதான் போகணும். அவர் நேத்தே மலைக்குப் போயிட்டார். ஏன்?"

"இந்தக் கோட்டைப் பாரு. உன் கண்ணு நல்லா இருக்கு, பாத்துச் சொல்லு."

பார்த்தேன். ஒரு டப்பாவில் மருந்து செப்டம்பரில் போட்ட கோட்டிலேயே நின்றது. மற்றதில் கோட்டுக்குக் கீழே மூன்று விரல்கடை இறங்கியிருந்தது. நான் சொன்னேன். அவர் டப்பாக்களை வண்டியின் முன்மூடிமேல் மெதுவாக வைத்தார்.

"இறங்கினது கைத்துப்பாக்கி மருந்து. வேகமா எரியிறது. லோவெலுக்குப் போட வேண்டியது மத்தது. அது இறங்கவே இல்ல."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. அதைச் சுட்டால் துப்பாக்கி லோவெலின் முகத்திலேயே வெடிக்கும். ஷெரீஃப் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஆளை அனுப்புகிறோம், ஆனால் இருக்கிற ஒரு ஆள் கணவாய்க்கு அந்தப் பக்கம், வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். லோவெல் கூடாரம் போடுகிற இடத்தில் போன் எடுக்காது. பனியில் வீட்டுச் செருப்போடு வந்து நிற்கிற ஓரினை வண்டி ஓட்ட விட முடியாது. உள்ளே போய் பூட்ஸையும் கோட்டையும் எடுத்து வந்து அவர்மேல் போட்டு, பக்கத்து சீட்டில் இருந்த கடிதத் தட்டைப் பின்னால் தள்ளி அவரை ஏற்றினேன். முப்பத்தொரு வருஷத்தில் போட வேண்டிய தபாலை வண்டியில் வைத்துக்கொண்டு நான் வேறு பக்கம் திரும்பியது அந்த ஒரு நாள்தான்.

காட்டு ரோடு பத்து மைல். இரண்டு பக்கமும் லார்ச் மரங்கள் மஞ்சள் ஊசிகளைப் பனிமேல் உதிர்த்திருந்தன. சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டியும் வண்டி வளைவுகளில் பின்பக்கத்தை ஆட்டியது. ஓரின் ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டபடி வந்தார். குளிர் உள்ளே அடித்தது.

புதன்கிழமை நடந்ததை அந்த ரோட்டில்தான் சொன்னார். காலையில் கைத்துப்பாக்கிக்குக் கொஞ்சம் தோட்டா கட்டி முடித்துவிட்டு, டப்பாவை அலமாரியில் வைக்கக் கையில் எடுத்தபோது போன் அடித்திருக்கிறது. டப்பாவை மேசையோரமாக வைத்துவிட்டுப் போனை எடுத்திருக்கிறார். டெல்ஃபா. குரல் பழைய குரல். நாய் சாப்பிடுகிறதா, ருபார்ப் பாத்திக்கு வைக்கோல் மூடினீர்களா, லோவெலுக்குப் பெட்டி கட்டியாச்சா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாள். இருபது நிமிஷம். இந்த வருஷம் அவள் அவ்வளவு நேரம் பேசியதே இல்லையாம்.

"நானும் பேசிக்கிட்டே இருந்தேன். வர்ற வாரம் வந்து உன்னைக் கூட்டிட்டு வரட்டுமான்னு கூடக் கேட்டேன், கிறுக்கன் மாதிரி. அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், ரொம்ப நல்லவரா இருக்கீங்க, நீங்க யாருன்னு சொல்லவே இல்லியேன்னு கேட்டா."

மேலே எங்கோ ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஓரின் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் மலைக்கு மலை உருண்டு அடங்கியது.

"அது சின்னத் துப்பாக்கி, லோவெலோடது இல்ல" என்றார். கையை எடுக்கவில்லை.

போனை வைத்துவிட்டு அவர் மேலே போயிருக்க வேண்டும். முகத்தைக் கழுவி, ஒரு காப்பி குடித்து, அன்றைக்கு வேலையை விட்டிருக்க வேண்டும். அப்படித்தான் ஊருக்கெல்லாம் சொன்னார். ஆனால் மேலே யாரும் இல்லை. மேசையிலாவது செய்ய ஒரு வேலை இருந்தது. மறுநாள் லோவெல் வீட்டுக்குப் போகிற நாள். உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த டப்பாவை எடுத்து அளக்கிற குடுவையில் ஊற்றிவிட்டார். ஒன்று குச்சித் துணுக்கு மாதிரி இருக்கும், மற்றது செதில் மாதிரி இருக்கும். கண்ணில் புரை, டிசம்பரில் அறுவை சிகிச்சை. அந்தக் கண்ணிலும் அன்றைக்குத் தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்ததில் இருபது கூட்டிலும் மட்டம் சரியாகத்தான் இருந்தது. குடுவை அளப்பது கொள்ளளவைத்தானே. தராசில் ஒன்றை வைத்திருந்தால் உடனே காட்டிக் கொடுத்திருக்கும். பதினோரு வருஷமாக அதே அளவுதானே என்று தராசை எடுக்கவே இல்லை. கோடு போடுவதையும் தள்ளிப் போட்டுவிட்டார். சனிக்கிழமை காலை அது ஞாபகம் வந்து பென்சிலோடு கீழே போனபோதுதான் பார்த்திருக்கிறார்.

"யாரும் பக்கத்துல நின்னு பேச்சுக் கொடுக்கல ட்வைலா. வீட்ல ஒரு சத்தம் கிடையாது. அவ்வளவு அமைதியா இருந்துச்சு. அப்பதான் தப்பு பண்ணேன்."

நான் கியரை மாற்றினேன்.

லோவெலின் கூடாரம் ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருந்தது. புகைக் குழாயில் புகை வந்தது. வண்டியை நிறுத்தியபோது லோவெல் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். முழங்கை வரை ரத்தம், சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தம். ஓரின் இறங்கப் போனவர் கதவைப் பிடித்தபடி அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் முதலில் பார்த்தேன்: பின்னால் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய கம்பில் ஒரு எல்க் தொங்கிக்கொண்டிருந்தது, பாதி தோல் உரித்து.

"அது மானோட ரத்தம். இறங்குங்க" என்றேன்.

ஓரின் பனியில் நொண்டிக்கொண்டு போய் லோவெலின் எதிரில் நின்றார். லோவெலுக்கு ஒன்றும் புரியவில்லை. தபால்காரியையும் கூட்டிக்கொண்டு மானுக்குப் பங்கு கேட்க வந்தாயா என்று சிரிக்கப் பார்த்தார்.

"கையைக் காட்டு" என்றார் ஓரின்.

"என்னடா?"

"ரெண்டு கையையும் காட்டு. முகத்தைத் திருப்பு, அந்தப் பக்கம்." அவர் தாடையைப் பிடித்துத் தானே திருப்பிப் பார்த்தார். "எத்தனை சுட்டே?"

"ஒண்ணு. ஏழு மணிக்கு. ஒண்ணுலயே படுத்துடுச்சு."

"அந்தப் பெட்டியில நான் தப்பு மருந்தைப் போட்டிருக்கேன்டா. இருபதுலயும். உன் தலை இந்நேரம் இருந்திருக்கக் கூடாது. நீ எப்படி நின்னுக்கிட்டு இருக்கே?"

லோவெல் குனிந்து பனியை அள்ளிக் கையைத் தேய்த்துக் கழுவினார். மறுபடி அள்ளினார். அவ்வளவு நேரம் கை கழுவுகிற மனிதர் இல்லை அவர். பிறகு கூடாரத்துக்குள் போய்ப் பெட்டியை எடுத்து வந்து ஓரினின் கையில் கொடுத்தார். சிவப்பு டேப் பிரிக்கவில்லை. ஓரினின் கையெழுத்தில் தேதியும் மருந்தின் பெயரும் எடையும், கீழே லோவெலுக்கு என்றும் எழுதியிருந்தது. மேலே ஒரு சுருக்கம்கூட இல்லை.

"கடைத் தோட்டாவாலதான் சுட்டேன்" என்றார் லோவெல்.

"ஓ. நல்லதாப் போச்சு." ஓரின் பெரிதாக மூச்சு விட்டார். பக்கத்தில் கிடந்த மரத்துண்டில் உட்கார்ந்தார். வெளிறியிருந்த முகத்தில் நிறம் திரும்பியது. உனக்கு எப்படித்தான் தோன்றியதோ, இந்த வருஷம் பார்த்து, எந்தப் புண்ணியவான் உன் கையைத் தடுத்தானோ என்று ஏதேதோ பேசினார். பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். லோவெல் தலையைக் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம்?" என்றார் ஓரின்.

லோவெல் இல்லை என்று தலையை அசைத்தார்.

"அதுக்கு முந்தி?"

"ஒண்ணு கூட இல்லடா. எல்லாம் வீட்ல இருக்கு. அலமாரியில, நீ கொடுத்த மாதிரியே."

ஓடையில் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் வண்டியோரமாகவே நின்றேன். போய்விடலாம் என்று இருந்தது, போகவும் முடியவில்லை.

"எங்கப்பாவோட இடது கையை நீ பாத்திருக்கே" என்றார் லோவெல். "ரெண்டு விரல் இல்லாம. பக்கத்து வீட்டுக்காரன் கட்டிக் கொடுத்த தோட்டா. அவனும் நல்லவன்தான். ஊர்க் கூடத்துல நீயே எழுந்து நின்னு சொன்னே. சரின்னு பட்டுச்சு."

"நான்தான் சொன்னேன்." ஓரின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரியாத்தான் செஞ்சிருக்கே. ஆனா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேடா. பதினோரு வருஷம். டெல்ஃபா ஒவ்வொரு தடவையும் கேப்பா, எப்படிப் போச்சாம், நேராப் போச்சாமான்னு. நான் சொல்லுவேன்."

"முதல் வருஷம் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ முழங்காலைக் கட்டிக்கிட்டு, நொண்டிக்கிட்டு, ரொட்டியைக் கையில வச்சுக்கிட்டு வந்து நிக்கிறே. உக்காந்து மூணு மணி நேரம் பேசினே. நான் தனிக் கட்டை, என் வீட்டுக்கு யார் வர்றா? இவ தபாலைப் போட்டுட்டுப் போயிடுவா." என்னைக் கையால் காட்டினார். "வேண்டாம்னு சொல்லியிருந்தா அடுத்த வருஷம் நீ எதைக் காரணம் வச்சு வந்திருப்பே?"

ஓரின் எழுந்து, தொங்கிய எல்க்கின் பக்கத்தில் போய் நின்று அதன் விலாவில் கை வைத்தார். நல்ல மான் என்றார். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டார்.

இறங்கும்போது பத்து மைலும் பெட்டி அவர் மடியில் இருந்தது. தன் வீட்டு வாசலில் இறங்கியவர் கதவைச் சாத்துவதற்கு முன்னால், "அவன் உசிரோட இருக்கான். அது போதும்" என்றார். சமையலறைக் கதவு வரை போய் அங்கேயே நின்றார். உள்ளே போக மனசு வராதவர் மாதிரி நாயோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்சீட்டில் ஊர்த் தபால் பாக்கி கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து லோவெல் பத்துப் பெட்டிகளையும் ஒரு மரக்கூடையில் வைத்து, எல்க்கின் பின்னங்கால் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஓரின் கூடையை வாங்கிக்கொண்டார். இறைச்சிக்கு ஃப்ரீசரில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஃப்ரீசரில் ஐஸும் ஒரு பட்டாணிப் பொட்டலமும் தவிர ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். லோவெல் இறைச்சியைத் திரும்ப வண்டியில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்கவில்லை. சண்டையா என்றால் சண்டை இல்லை. ஓரினின் தபால் பெட்டியருகே நின்றால், மேலே அவன் வீட்டுப் புகைக் குழாயில் புகை வருகிறதா என்று கேட்பார். லோவெலின் பெட்டிக்குப் போனால், கீழே அவன் வாசலில் பனியைத் தள்ளியிருக்கிறானா என்று அவர் கேட்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். இரண்டு மைலுக்கு நடுவே நான் என்ன தந்திக் கம்பமா என்று ஒரு நாள் கேட்டும்விட்டேன். லோவெல் சிரிக்கவில்லை.

டிசம்பரில் ஓரினின் கண்ணைச் சரி செய்தார்கள். ஜனவரியில் ஒரு நாள் சமையலறைக் கதவில் சிவப்புத் துண்டு தொங்கியது. அவரே மாட்டியிருக்கிறார். டெலிபோனை மேலே சமையலறையில் வைத்துவிட்டு, டெல்ஃபா தெளிவாக இருக்கிறாளா என்று கேட்டு இல்லத்துக்கு இவரே போன் போட்டுவிட்டு, பிறகுதான் படியிறங்கியிருக்கிறார். இருநூற்று இருபது தோட்டாவையும் பிரிக்கிற வேலை. அதற்கென்று சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி உண்டு. தலைக்குள் தோட்டாவை மாட்டி மரக்கட்டையில் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழும். ஒரு நாளைக்குப் பத்துதான் பிரிப்பார். ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் நிறுத்து நோட்டில் எழுதினார். பத்துத் தட்டு முடிந்தால் துண்டை எடுத்துவிடுவார். நான் அந்த நாட்களில் ஹாரன் அடிக்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் ரோட்டில் எனக்காகக் காத்திருந்தார். கையில் அந்த நோட்டு.

"கடைசிப் பெட்டி இருபதும் தப்பு. அது தெரிஞ்சதுதான். ஆனா மத்த பத்துப் பெட்டியும் சரி ட்வைலா. இருநூறும் சரி. ஒண்ணு கூட அரிசி அளவு ஏறல, இறங்கல. அவன் சுட்டிருக்கலாம்."

"லோவெல்கிட்ட சொன்னீங்களா?"

"அவன்கிட்ட எப்படிச் சொல்றது? குத்திக் காட்டுற மாதிரி இருக்காதா?" நோட்டை மூடினார். "டெல்ஃபாகிட்ட சொன்னேன், ஞாயித்துக்கிழமை போனப்ப. பத்து வருஷமும் சரியா இருந்துச்சும்மான்னேன். ரொம்ப சந்தோஷம்னா. அப்புறம், உங்களுக்கு யாரும் இல்லியா, தனியாவா வந்தீங்கன்னு கேட்டா."

அன்றைக்கு நான் வண்டியை அணைத்துவிட்டு அவரோடு பத்து நிமிஷம் நின்றேன். ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் நின்றதைப் பார்த்து அவருக்கே பயம் வந்திருக்கும்.

ஏப்ரலில் பனி உருகியதும், பிரித்தெடுத்த மருந்தையெல்லாம் டெல்ஃபாவின் ருபார்ப் பாத்தியில் மெல்லிசாகத் தூவித் தண்ணீர் விட்டார். ஒருமுறை கூட்டை விட்டு வெளியே வந்த மருந்தை அவர் திரும்ப டப்பாவில் ஊற்றுகிறவர் இல்லை. செடிக்கு அது உரம். அந்த வருஷம் ருபார்ப் ஆள் உயரத்துக்கு வந்தது. பறித்து எனக்கு ஒரு கட்டுக் கொடுத்தார். லோவெலுக்கும் ஒரு கட்டு வாங்கிப் போகட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

மறுபடி அக்டோபர் வந்தது. பருவம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம், நான் ரோட்டின் முடிவுக்குப் போனபோது லோவெலின் கேட்டுக்கு வெளியே ஓரினின் வண்டி நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓரின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை, தொப்பி, சவரம் செய்த முகம். பக்கத்து சீட்டில் பெட்டியும் இல்லை, ரொட்டியும் இல்லை. வண்டியின் புகைக் குழாயிலிருந்து வந்த சூட்டில் கீழே பனி உருகி மண் தெரிந்தது. வந்து வெகு நேரம் ஆகியிருக்கும். நான் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். அவரும் இறக்கினார்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார்.

"இங்கதான் ரோடே முடியுது. இந்தப் பக்கம் வேற எங்க போவீங்க?"

"திரும்பத்தான் போறேன்." கியரில் கை வைத்தார். பிறகு எடுத்தார். "எதுக்கு வந்தேன்னு அவன் கேட்டா என்ன சொல்றது?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுபத்தைந்து வயசு. அறுபத்தெட்டு வருஷச் சிநேகிதம். ஒரு கதவைத் தட்ட இந்த மனிதருக்குக் கையில் ஒரு சாமான் வேண்டியிருக்கிறது. திட்டத்தான் வாயெடுத்தேன். தட்டில் லோவெலின் தபால் இருந்தது, விதைக் கடைப் புத்தகம் ஒன்று, தடியாக, பிளாஸ்டிக் உறை போட்டு. ஒருத்தர் தபாலை இன்னொருத்தர் கையில் கொடுக்கக் கூடாது, பெட்டியில்தான் போட வேண்டும். அதை எடுத்து ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டேன்.

"எனக்கு நேரமாச்சு. இதை அவர்கிட்ட கொடுத்துடுங்க."

அவர் அதைத் திருப்பி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், பெயரைப் படித்தார். எஞ்சினை அணைத்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு இறங்கி, நொண்டியபடி கேட்டைத் திறந்துகொண்டு படியேறினார். எனக்கு நேரமாகியிருந்தது உண்மைதான், ஆனால் நான் நகரவில்லை. அவர் தட்டுவதற்கு முன்னாலேயே கதவு திறந்தது. லோவெல் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபடி நின்றார்கள். ஓரின் உறையை நீட்டினார்.

"இது நான் செஞ்சதில்லடா. பயப்படாமப் பிரி."

லோவெல் அதை வாங்கி, அங்கேயே நின்று, உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்து வழி விட்டார்.